மதாமின் பூச்சட்டிகள்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சிக்னல் கிடைக்கவில்லை என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நீ மூன்று விஷயம் கேட்டாய். மண்டபம் வேண்டாம், நம் வீட்டு முற்றத்திலேயே தாலி கட்டிக்கொள்ளலாமா என்றாய். தெருப்பக்கத்து பால்கனியில் நீங்கள் இரண்டு பேரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாய். கடைசியாக, "எல்லாரையும் கூப்பிடுங்கப்பா, அந்த மதாமை மட்டும் கூப்பிடாதீங்க" என்றாய். முதல் இரண்டுக்கும் சரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மூன்றாவதற்கு உண்டான பதில் போனில் சொல்லக்கூடியதல்ல. எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. ஒன்பது வருஷமாக ஒன்றைச் சுமந்துகொண்டு இந்த வீட்டுப் படிகளை ஏறி இறங்குகிறேன். இனிமேல் தெம்பில்லை. உட்கார்ந்து படி. நீ கட்டிக்கப்போகிற பையன் பக்கத்தில் இருந்தால் அவனும் தெரிந்துகொள்ளட்டும். அவனும் இந்த வீட்டுக்குத்தான் மாப்பிள்ளையாக வரப்போகிறான்.

நீ பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் நீ பார்த்த வீடு வேறு, நான் பார்த்த வீடு வேறு. கீழே முழுக்கத் தமிழ் வீடு. மரத்தூண்கள் நிற்கிற தாழ்வாரம், செதுக்கு வேலை செய்த வாசற்கதவு, நடுவில் முற்றம். மேலே ஏறினால் வெள்ளைக்காரத் தெருவில் இருக்கிற மாதிரி வளைவு ஜன்னல்கள், சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், சுண்ணாம்புக் காரையில் செய்த பூமாலைகள், பால்கனி. சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த என் கொள்ளுத்தாத்தா, கீழே இருந்த வீட்டை இடிக்க மனசில்லாமல் அதன் தலையிலேயே தான் பார்த்துவிட்டு வந்ததைக் கட்டினாராம். தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். நீயும் சின்ன வயதில் அப்படித்தான் பார்ப்பாய். நான் அண்ணாந்து பார்த்தால் எந்த இடத்தில் ஈரம் ஏறியிருக்கிறது, எந்த உத்தரத்தில் கரையான் வைத்திருக்கிறது, எந்தப் பூமாலை அடுத்த மழைக்கு உதிரும் என்பதுதான் கண்ணில் படும். மொட்டை மாடி மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருஷம் நிற்கும். தேங்கினால் இரண்டே மழையில் உத்தரத்தின் முனை உளுத்துவிடும். இதை என் அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். எதைச் செய்யக்கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார் என்பதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

நீ எட்டாவது படிக்கும்போது இரண்டு பேர் டேப்பும் கேமராவுமாக வந்து வீட்டை அளந்துகொண்டு போனார்கள். கொஞ்ச நாளில் பாரம்பரியக் கட்டடங்கள் பட்டியலில் நம் வீடும் சேர்ந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நீ அந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். அம்மா கேசரி கிண்டினாள். முகப்பை மாற்றக்கூடாது, இடிக்கக்கூடாது, பழுது பார்த்தால் பழைய மாதிரியே பார்க்க வேண்டும். தப்பென்று சொல்லவில்லை. யாராவது இப்படிச் சொல்லாவிட்டால் ஊரில் ஒரு தூண்கூட மிஞ்சாது. ஆனால் அந்தத் தூணுக்கு அடியில் படுத்து எழுந்திருக்கிறவன் ஒருத்தன் இருக்கிறான் இல்லையா. காலையில் ஆபீஸ், சாயங்காலம் சுண்ணாம்புக்கும் கொத்தனாருக்கும் அலைச்சல், ராத்திரி மழை பெய்தால் எந்த மூலையில் சொட்டுகிறது என்று காது கொடுத்துப் படுத்திருப்பது. சித்தப்பா வில்லியனூரில் கான்கிரீட் வீடு கட்டிக்கொண்டு, "நீயே பாத்துக்கண்ணே, எனக்குப் பங்கு வேணாம்" என்று போய்விட்டான். பங்கு வேண்டாம் என்பது பெருந்தன்மை என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் தப்பித்துக்கொண்டான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் யாரிடமும் முடியவில்லை என்று சொன்னதில்லை. கேட்டால், "நம்ம வீடு, நாம பாக்காம யாரு பாப்பாங்க" என்பேன். அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன்.

நீ காலேஜில் கடைசி வருஷத்துக்கு முந்தின வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டுத் தரகர் ஒருத்தர் வீட்டைப் பார்க்க வந்தார். பக்கத்து வீடு லாட்ஜ் ஆனது அவர் மூலமாகத்தான். முற்றத்தில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இடம் அருமையான இடம் சார். ஆனா கட்டடம் நிக்கிற வரைக்கும் யாரும் கை வெக்க முடியாது. தானா விழுந்துச்சுன்னா அது வேற விஷயம்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னது மட்டும் என்னோடு ஆபீஸுக்கு வந்தது, என்னோடு சாப்பிட உட்கார்ந்தது.

அந்த ஐப்பசியில் முதல் மழைக்கு முன்னால், நீயும் அம்மாவும் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில், நான் ஒரு கோணிச்சாக்கை மூன்று துண்டாகக் கிழித்து எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். தெருப்பக்கத்துக் கைப்பிடிச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் வெளியே போகிற தூம்பு மூன்று இருக்கிறது. மூன்றிலும் சாக்கைச் செருகினேன். ஒரு குச்சியால் உள்ளே தள்ளினேன், வெளியே தெரியாத அளவுக்கு. அந்த மழைக்காலம் முழுக்கக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த மழைக்காலமும் நின்றது. என் கையால்தான் செய்தேன் பாப்பா. புத்தி கெட்ட ஒரு நிமிஷத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அந்தச் சாக்கை எடுத்துவிட எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் இருந்தது.

மாடியில் மதாம் இருந்தார். இந்தப் பையனுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னாலேயே நம் மாடியில் இரண்டு அறைக்குக் குடிவந்தவர். பிரெஞ்சு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளை இல்லை, வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தும் பாரீஸ் குளிர் ஆகாது என்று இங்கேயே இருந்துவிட்டவர். மொட்டை மாடியில் முப்பது சட்டிக்கு மேல் வைத்திருந்தார். ரோஜா, மரிக்கொழுந்து, கறிவேப்பிலை. உனக்கு அந்தச் சட்டிகளுக்கு நடுவில் பாயைப் போட்டு உட்கார வைத்துத்தான் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். ஒரு நாளும் கூலி வாங்கியதில்லை. நீ இன்றைக்கு லியோனில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்றால் அந்தப் பாயில் ஆரம்பித்ததுதான். அவர் படுக்கைக்கு மேல் ஒழுக ஆரம்பித்ததும் என்னிடம் வந்து சொன்னார். "பார்க்கிறேன் மதாம்" என்றேன். ஒழுகினால் அவரே வேறு இடம் பார்த்துக்கொண்டு போவார், மாடி காலியாகும் என்று கணக்குப் போட்டேன். அவர் ஒரு வாளியை வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.

இரண்டாவது மழைக்காலம் முடிகிற சமயம், மழை விட்டு வெயில் அடித்த ஒரு காலையில், கைப்பிடிச் சுவரும் அதற்குக் கீழிருந்த கார்னிஸ் விளிம்பும் பெயர்ந்து பால்கனி மூலையில் விழுந்து, அதையும் உடைத்துக்கொண்டு தெருவில் விழுந்தன. அம்மா வாசலில் நின்று கீரை வாங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள்; பெயர்ந்த கற்கள் அவள் காலில் விழுந்தன. கீரைக்காரி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருந்தாள். நான் ஆபீஸில் இருந்தேன். போன் வந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து சீட்டுக்காரர். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் நீ எனக்கு முன்னாலேயே வந்திருந்தாய், லாஸ்பேட்டையிலிருந்து யாரோ ஒரு பெண்ணின் ஸ்கூட்டரில். டாக்டர்கள் காலைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். முன்பிருந்த மாதிரி நடக்க முடியாது, மடக்க வராமல் கட்டையாகத்தான் இருக்கும் என்றார்கள். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். நான் உன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இதற்கு அடுத்துச் செய்ததுதான் பெரிய பாவம். அன்றைக்குச் சாயங்காலம், அம்மாவுக்கு மாற்றுத் துணி எடுத்துவருகிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். மதாம் கீழே தெருவில் அக்கம்பக்கத்தாரோடு நின்றுகொண்டிருந்தார். நான் மேலே போய், இடியாமல் நின்ற இரண்டு தூம்புகளிலிருந்தும் சாக்கை உருவினேன். மூன்றாவது தூம்பு சுவரோடு போய்விட்டது. பிறகு பக்கத்திலிருந்த ரோஜாச் சட்டியில் கைவிட்டு மண்ணை அள்ளி அந்த இரண்டு வாயிலும் அப்பினேன். மறுநாள் அரசாங்கத்திலிருந்து வந்த என்ஜினியர் தூம்பைக் குச்சியால் குத்திப் பார்த்தார். "சட்டி மண்ணு அடைச்சிருக்கு. இவ்வளவு சட்டியை மாடியில யாரு வெக்கச் சொன்னது?" என்றார். நான், "அவங்க வயசானவங்க, நாம என்ன சொல்ல முடியும்" என்றேன். எவ்வளவு நல்லவன் மாதிரி சொன்னேன் பார். அறிக்கையில் பூச்சட்டிகள் என்று எழுதினார்கள். நீ அன்றைக்கு மாடிப்படியில் மதாமை மறித்து, "எங்க அம்மா காலை எடுத்துட்டீங்க மதாம். இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று கத்தினாய். அவர் என்னைத்தான் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற துணிப் பையோடு நடையில் நின்றேன். மாதம் முடிவதற்குள் காலி பண்ணிக்கொண்டு போனார். சட்டிகளை எடுத்துப் போகவில்லை.

வீடு விழவில்லை. பட்டியலிலிருந்தும் எடுக்கவில்லை. முகப்பைப் பழைய மாதிரியே கட்டவேண்டும் என்று உத்தரவு வந்தது, உதவியும் கிடைத்தது. புது உத்தரம், புதுக் காரை, பூமாலைகூடப் பழைய போட்டோவைப் பார்த்து அப்படியே செய்து வைத்தார்கள். வீடு பார்க்க வந்தவர் அதற்கப்புறம் வரவேயில்லை. இப்போது சனி ஞாயிறானால் வெளியூர்க் கல்யாண ஜோடிகள் கேமராக்காரனோடு வந்து நம் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அம்மா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்து அவர்களை வேடிக்கை பார்ப்பாள். நான் அந்த நேரத்தில் எங்கேயாவது வெளியே போய்விடுவேன்.

உன் போன் வந்த மறுநாள் மதாமைத் தேடிப் போனேன். கனகசெட்டிக்குளத்தில் தங்கை மகன் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். பஸ்ஸில் போய் இறங்கி மீன் வலை காய்கிற தெருவில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்ன வீடு. எண்பத்து மூன்று வயது. கண் ஒன்றில் பார்வை குறைந்திருக்கிறது. குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "வாங்க மிசியே, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். சாக்கையும் சொன்னேன், சட்டி மண்ணையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "சாக்கு தெரியும். மண்ணு நீங்க போட்டதுதான்னு இப்பதான் தெரியுது" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னார்: "முதல் வருஷமே பார்த்தேன். செடிக்குத் தண்ணி ஊத்த மேல வந்தா நீங்க குனிஞ்சு எதையோ செருகிக்கிட்டு இருக்கீங்க. எலி வராம அடைக்கிறீங்கன்னு இறங்கிட்டேன். அப்புறம் தண்ணி நிக்குது, நீங்க ஏறி வந்து பார்த்துட்டு எடுக்காமப் போறீங்க. அப்ப புரிஞ்சுபோச்சு."

"ஏன் மதாம் யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா யாரு நம்புவா? வீடு உங்களுது, சட்டி என்னுது." பிறகு சொன்னார்: "பாப்பாவுக்கு மூணு வாரத்துல பரீட்சை. எம்மேல கோபம்னா அவ பரீட்சை எழுதிடுவா. அப்பாமேல கோபம்னா எழுதியிருக்க மாட்டா. அதான்."

நான் அழுதேன். அவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், ஆனால் ஆறுதல் சொல்லவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன் மிசியே. அந்த வீட்டுல முப்பது வருஷம் இருந்தேன். என் செடிங்களை விட்டுட்டு வந்தேன். அந்தப் புள்ள என்னைப் பேசின பேச்சு இன்னும் காதுல இருக்கு. ஆனா எனக்கும் ஒரு பங்கு இருக்கு. தெரிஞ்சும் உங்க சம்சாரத்துகிட்ட, அந்தப் பக்கம் நிக்காதம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. நீங்களே எடுத்துடுவீங்கன்னு இருந்துட்டேன்." கிளம்பும்போது, "பாப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. அவ என்னைப் பார்க்க வரணும்னு இல்ல, தெரிஞ்சா போதும்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது உனக்கு முன்னால் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அடிபட்டவள் அவள். சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"நான் அங்க வாசல்ல நிப்பேன்னு உங்களுக்குத் தோணலையா?"

"தோணல."

"தோணியிருந்தா?"

"எடுத்திருப்பேன்."

"நான் நிக்க மாட்டேன், கீரைக்காரி மட்டும்தான் நிப்பான்னு தெரிஞ்சிருந்தா?"

நான் அரிவாள்மணையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அவளுக்கும் ரெண்டு புள்ளைங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. வேளாவேளைக்குச் சோறு மேஜைமேல் இருக்கும். ஐந்தாம் நாளாகிய இன்றைக்குக் காலையில் தலை வாரி, வெளியே போகிற புடவை கட்டிக்கொண்டு வந்து, "கனகசெட்டிக்குளத்துல எந்தத் தெரு?" என்று மட்டும் கேட்டாள். கூட வருகிறேன் என்றேன். தலையாட்டி வேண்டாம் என்றாள். ஆட்டோ பிடித்துத் தனியாகப் போயிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் இல்லாத வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

அந்த என்ஜினியர் ஆபீஸ் கோப்பில் இன்னும் பூச்சட்டிகள் என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் திறந்ததும் போய் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறேன். அதனால் என்ன வருமோ வரட்டும். கல்யாணத்துக்கு முன்னால் இது ஊருக்குத் தெரிந்தால் உனக்குத் தலைகுனிவு. கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நான் மறுபடியும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன், என்னை எனக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் நீயே சொல்லிவிடு. இல்லை, நானே சொல்லட்டும் என்றால் சொல்கிறேன்.

கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பன் புத்திமதி எழுத வேண்டும். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல். புருஷனிடம் சொல், மாமியாரிடம் சொல், போன் பண்ணி அம்மாவிடம் சொல். முகம் கோணுவார்கள், கோணட்டும். நான் அம்மாவிடம் ஒரு நாள், "இந்த வீடு என்னால முடியலடி" என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? திட்டியிருப்பாள், பிறகு இரண்டு பேருமாக ஏதாவது வழி பார்த்திருப்போம். பொறுப்பானவன் என்று பேர் வாங்கிக்கொண்டே திருட்டுத்தனம் செய்கிறவனாக ஆனேன். களைப்பு ஒரு குற்றமில்லை. அதை மறைத்ததில்தான் எல்லாம் வந்தது.

உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க முற்றத்தில் நான் நிற்கலாமா கூடாதா என்று நீ சொல். வேண்டாம் என்றால் சித்தப்பா நிற்பான். ஏன் என்று அவனிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. மதாமுக்கு நீ எழுதுவதானால் பிரெஞ்சிலேயே எழுது. பெரிய எழுத்தில் எழுதினால் அவரே படித்துக்கொள்வார்.

இதோ ஆட்டோ வந்து நின்றது. போய்விட்டு வந்து முடிக்கிறேன்.

அம்மா வந்துவிட்டாள். படியேறக் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை, கையிலிருந்த பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்து ஏறினாள். மதாம் என்ன சொன்னார் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளே வந்து மேஜைமேல் இந்தத் தாள்களைப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் எழுதியாச்சா?"

"எழுதிட்டேன்."

"மண்ணைப் போட்டதையும்?"

"அதையும்."

"சரி, கையெழுத்தைப் போட்டுட்டுச் சாப்பிட வாங்க" என்றாள்.

அப்பா